அடுப்புக்கு ஒரு கை

மோட்டாரை நிறுத்த மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது தீபா போன் செய்தாள். காலை ஆறரை மணி இருக்கும். தீபா, பஞ்சவர்ணம் அக்காவின் மகள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னோடு முக்கால்வாசி கன்னடத்தில்தான் பேசுவாள். அன்று ஒரே ஒரு வாக்கியத்தை முழுத் தமிழில் சொன்னாள்.

"அம்மா எந்திரிக்கலைங்க்கா."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கண்டக்டர் சட்டை இஸ்திரி கலையாமல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. டிப்போவிலிருந்து போன்மேல் போன். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் முதல் பஸ்ஸுக்குக் கண்டக்டர் வரவில்லையே என்று அவர்களுக்குக் கவலை. தீபா எடுத்து, இனிமேல் வரமாட்டார் என்று மெதுவாகச் சொன்னாள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

எழவுக்கு வந்தவர்கள் வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். "யாரையும் எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, பாவம்" என்றார் ஒருவர். "நல்லா இருந்த சங்கத்தை ரெண்டாக்குனதே அந்தம்மாதான்" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டுமே அவர்தான் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்கா ஹனூர் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கணவர் மாதப்பன் அரசு பஸ் டிரைவர். அவர் வேலையில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் இறந்துபோக, வாரிசு வேலையாக அக்காவுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தது. அப்போது தீபா பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. மைசூர், கொள்ளேகால், மலை, திரும்பவும் கொள்ளேகால், மைசூர். வாழ்க்கையில் பாதியை அந்தச் சாலையில் நின்றபடியே கழித்தார். வீட்டுக்கு வந்தாலும் சட்டென்று உட்கார மாட்டார். சுவரில் சாய்ந்து நின்றபடிதான் காபி குடிப்பார்.

மைசூரில் எங்கள் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். கட்டட வேலைக்கும் பேக்டரி வேலைக்கும் வந்து, வீடு கட்டி, தங்கிவிட்டோம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாதேஸ்வரன் பக்தர்கள் சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு இங்கே ஒரு கல்யாண மண்டபம், மலைமேல் ஒரு சத்திரம். தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் மலைக்குப் போகிறவர்கள் அந்தச் சத்திரத்தில்தான் தங்குவார்கள்.

சங்கத்தின் சட்டம் ஒரே வரி: அடுப்புக்கு ஒரு கை. தனியாக அடுப்பு எரிந்தால் தனி வீடு. கூட்டத்தில் எதை முடிவு செய்தாலும் அந்த வீட்டு ஆண் கையைத் தூக்குவார். பெண்கள் வரலாம், பின்னால் பாயில் உட்காரலாம், காபி போட்டுக் கொடுக்கலாம். கணவன் இறந்துவிட்டால் அந்த அடுப்புக்கான கையைக் கணவனின் அண்ணனோ தம்பியோ தூக்குவார். அந்த அடுப்பை யார் மூட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சத்திரத்து வாசலில் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்று கூட்டம் நடந்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. சத்திரத்தில் பெண்கள் குளிக்கக் கதவு போட்ட அறை கிடையாது. இரண்டு தகரத்தை நிறுத்திவைத்திருப்பார்கள். ஒருத்தி குளிக்க, இன்னொருத்தி சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குளியலறை கட்டுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். தலைவர் முனிராஜ் அண்ணனுக்கு வளைவு வேண்டும். சாமி பெயரும் சங்கத்தின் பெயரும் எழுதி, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி. அவர் கெட்டவர் இல்லை. கொரோனா சமயத்தில் வேலையில்லாத வீடுகளுக்கெல்லாம் அரிசி மூட்டை இறக்கியவர். ஆனால் அவர் மலைக்குப் போனால் திறந்தவெளிக் குழாயடியில் துண்டைக் கட்டிக்கொண்டு குளிப்பவர்.

"வளைவுக்குச் சம்மதமானவங்க கையத் தூக்குங்க" என்றார் முனிராஜ்.

அக்காவின் கொழுந்தனார் சென்னிமலை இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று அண்ணன் வீட்டுக்கு. போலீஸ் பிடிக்க வந்தது போல நின்றார்.

பின்னாலிருந்து அக்கா, "தம்பி, சோத்துக் கை உங்களுது. அந்த எடது கை என்றது, என்னோடது. யாரைக் கேட்டு அதைத் தூக்குனீங்க?" என்றார்.

"ஏனுங்க அண்ணி, அண்ணன் இருந்திருந்தா வளைவுக்குத்தான் தூக்கியிருப்பாரு."

"உங்க அண்ணன் எப்பத் தகரத்துக்குப் பின்னால நின்னு குளிச்சாரு?"

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அட, பொம்பளைக பேச்சு அப்புறம். காபி ஆறுது பாருங்க" என்றார் முனிராஜ். வளைவு நிறைவேறியது.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா என்னிடம், "என்ற கை அந்த மனுசன் தோள்ல மொளச்சிருக்குது, அஷ்வினி" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார்.

நான் பி.காம். படித்தவள், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. எனக்கு உடனே தோன்றியது, பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கலாம் என்பது. அக்கா வேண்டாம் என்றார்.

"கையெழுத்துப் போட்டா அன்னைக்கே அத்தனை ஊட்லயும் சண்டை. பொண்டாட்டிகூடச் சண்டை புடிச்சுட்டு வர்றவன் மறுநாள் நமக்கோசரம் கையத் தூக்குவானா?"

"அப்புறம் எப்படிக்கா?"

"பஸ்ஸுல தனித்தனியா கேட்டா எல்லாரும் ஆமாங்கறாங்க. மண்டபத்துக்குள்ள வந்தா கையத் தூக்கறதுக்கு முன்னால மொதல்ல முனிராஜண்ணன் மூஞ்சியப் பாக்கறாங்க. தை மாசத்துல கல்யாணத்துக்கு மண்டபம் வேணுமில்ல? யாருக்கு எந்தத் தேதின்னு அவருதான குடுக்கறாரு. நாம மொதல்ல நம்ம கையக் கேக்கக் கூடாது. அவங்க கைய மறைக்கறதுக்கு ஒரு வழி பண்ணோணும்."

பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற பேச்சையே அவர் அதற்குப் பிறகு பல மாதங்கள் எடுக்கவில்லை. ரகசிய ஓட்டு வேண்டும் என்று ஆண்களைப் பேசவைத்தார். அதுவும் எந்த ஆணை? முனிராஜையே.

முனிராஜின் மனைவி மகேஸ்வரியோடு அக்காவுக்கு நல்ல பழக்கம். ஒருநாள் அவர் வீட்டில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது, "அண்ணனுக்குத் தூக்கற கையெல்லாம் பயத்துல தூக்கறதுன்னு சிலபேரு பேசிக்கறாங்க, மகேஸ்வரி. எனக்குக் கேக்கவே சங்கடமா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். பொய் இல்லை, அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். யார் பேசினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் முனிராஜ் எழுந்து நின்று மார்பில் தட்டிக்கொண்டார். "இனிமே எல்லாம் மறைச்சுத்தான் போடோணும்! முனிராஜுக்குப் பயந்துட்டு எவனும் ஓட்டுப் போட வேண்டாம்!" அத்தனை கையும் உயர்ந்தது, கூடவே கைதட்டலும். அந்தக் கைதட்டலை அவர் வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகுதான் என் கணவர் சந்தோஷ்குமார் தீர்மானம் கொண்டுவந்தார்: பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும், பெண்களுக்கும், ஆளுக்கு ஒரு ஓட்டு. அவர் சம்மதித்ததற்குக் காரணம் நியாய உணர்ச்சி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அதற்கு முந்தைய சிவராத்திரியில் என் மாமியார் தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டதும் ஒரு காரணம்.

ஓட்டை எப்படிப் போடுவது என்பதில் சண்டை வந்தது. சீட்டில் தமிழில் அச்சடித்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. கன்னடத்தில் அடித்தால் பெரியவர்களுக்குத் தெரியாது. "தமிழ்ச் சங்கத்துல கன்னடச் சீட்டா?" என்று ஒரு பக்கம். "நீங்க மைசூர்ல குடியிருக்கிறதா சேலத்துலயா?" என்று மறுபக்கம். அக்கா பாயிலிருந்து எழுந்தார். "வெத்தலை பாக்கு எல்லாருக்கும் தெரியுமில்ல? சம்மதம்னா வெத்தலை. இல்லீன்னா பாக்கு. குடத்துல போட்டுட்டு வாங்க." எல்லோருக்கும் பிடித்துப்போனது. நானும் அவரைப் பெருமையாகப் பார்த்தேன்.

திரைக்குப் பின்னால் ஒரு குடம், ஒரு தட்டில் வெற்றிலை, ஒரு தட்டில் பாக்கு. கை தூக்கும் உரிமை உள்ள ஆண்கள் ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். கடைசியில் குடத்தைப் பாயில் கவிழ்த்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தனிப் பாக்குகள் கிடந்தன. தனி வெற்றிலைகளும் கிடந்தன, அதைவிடக் குறைவாக. இரண்டையும் விட அதிகமாகக் கிடந்தது, வெற்றிலைக்குள் பாக்கை வைத்து அழகாக மடித்துப் போட்டது.

"இதென்னய்யா இது?" என்றார் முனிராஜ்.

முன்வரிசையில் இருந்த இராமச்சந்திரன் என்ற பெரியவர், "வெறும் வெத்தலைய எப்புடிங்க வெக்கறது? மருவாதை வேண்டாமா?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்களில் யாரும் பாக்கில்லாமல் வெற்றிலை கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு அழைக்கும்போதும், பெண் கேட்கும்போதும், வீட்டுக்கு வந்தவரை அனுப்பும்போதும் கை தானாகப் பாக்கையும் சேர்த்து எடுக்கும். சம்மதம் சொல்லப் போனவர்கள் திரைக்குப் பின்னாலும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப ரெண்டும் போட்டவங்க யாரு? எந்திரிச்சுச் சொல்லுங்க, எதுக்குப் போட்டீங்கன்னு" என்றார் முனிராஜ்.

"யாரு போட்டாங்கன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க!" என்று ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. மடித்துப் போட்டவை செல்லாது என்று முடிவானது. தீர்மானம் தோற்றது. செல்லாத ஓட்டுகளை அங்கேயே சுண்ணாம்பு தடவி மென்றுவிட்டார்கள்.

நான் அழுதுவிட்டேன். அக்கா மண்டபப் படியில் நின்று, "தப்பு என்றது. எத்தனை பேருக்குத் தாம்பூலம் குடுத்திருப்பேன், இது தோணலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த மடிச்ச வெத்தலைக் குமியப் பாத்தியா? நான் பாத்தேன். முனிராஜண்ணனும் பாத்தாரு" என்றார்.

அவர் சொன்னது சரி. பத்துப் பதினைந்து நாளில் முனிராஜ், சென்னிமலையையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பஞ்சவர்ணம், இனிமே ஓட்டு அது இதுன்னு வேண்டாம்மா. புருசன் இல்லாதவங்க அவங்கவங்க அடுப்புக்கு அவங்களே போட்டுக்கட்டும். அது நாயம். நானே அறிவிச்சுடறேன். புருசன் இருக்கறவங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு? அவன் ஒண்ணு போட, அவ ஒண்ணு போட்டா, அந்த ஊட்ல சோறு வேகுமா?"

"ரோசிச்சுச் சொல்றேனுங்கண்ணா" என்றார் அக்கா.

அவர்கள் போனதும் நான் ஆரம்பித்தேன். "வாங்காதீங்கக்கா. உங்களுக்குக் கிடைச்சிரும், நாங்க வெளியே நிப்போம். நீங்க உள்ளே போனதும் கதவைச் சாத்திருவாங்க."

"நான் கதவுகிட்டயே நிக்கறேன். எப்புடிச் சாத்துவாங்க?"

"உங்க பேச்சை மத்தவங்க கேக்கணுமே. கைக்கு வந்தது போதும்னு உக்காந்துட்டா?"

அக்கா சுவரில் சாய்ந்து நின்று யோசித்தார். "பஸ்ஸுல எடமே இல்லீன்னு கத்தறது எப்பவும் வாசப்படில நிக்கறவந்தான், அஷ்வினி. உள்ள எடம் இருக்குதா இல்லையான்னு உள்ள போனாத்தான் தெரியும். இப்ப நம்மள்ல ஒருத்தருக்குக்கூடத் தீர்மானம் சொல்ல வாயில்ல. ஆம்பளைக வாயக் கடன் வாங்கிட்டு இருக்கறோம்."

எனக்குக் கோபம் தணியவில்லை. கல்லூரியில் இதை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். சொத்துள்ள பெண்ணுக்கு முதலில், இத்தனை வயதைத் தாண்டியவளுக்கு முதலில் என்று பல நாடுகளில் துண்டு துண்டாகத்தான் ஓட்டு வந்தது. கொடுப்பதை வாங்கிக்கொள்வதா, முழுவதும் தரும்வரை நிற்பதா என்று அங்கெல்லாம் தோழிகள் பிரிந்திருக்கிறார்கள். பரீட்சையில் அதற்கு இரு பக்க வாதங்களையும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் விடுபடுகிற பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியாது.

அக்கா சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. தங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி வேண்டும். கை உள்ள யாரும் தீர்மானம் கொண்டுவரலாம். நாற்காலிக்குத்தான் முனிராஜ் தயங்கினார். மற்றதை உடனே ஒத்துக்கொண்டார்.

கணவன் இல்லாத அந்தப் பெண்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த நாள் எனக்கு மறக்காது. அதே மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறவர்கள். அன்று தலைவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் நாற்காலியின் நுனியில்தான்.

நான் பயந்ததும் நடந்தது. அவர்களில் மூத்தவர் லிங்கம்மா, முனிராஜுக்குச் சொந்த அத்தை. "நமக்குக் கெடச்சுது, போதும் புள்ள. இனி எதுக்கு வம்பு?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு வருடம் அப்படியே போனது. அந்த ஒரு வருடம் அக்காவிடம் நான் அளந்துதான் பேசினேன். அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை.

அடுத்த சிவராத்திரிக்கு அக்கா லிங்கம்மாவையும் அவர் மருமகளையும் தன் பஸ்ஸிலேயே மலைக்குக் கூட்டிப்போனார். மருமகள் நிறைமாதத்துக்கு இரண்டு மாதம் இருக்கும் கர்ப்பிணி. விடியற்காலையில் அவள் தகரத்துக்குப் பின்னால் குளிக்க, லிங்கம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று. புதிய வளைவில் போட்டிருந்த விளக்கு நேராக இவர்கள்மேல் அடித்தது. அக்கா பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கொள்ளேகாலில் லிங்கம்மாவே கேட்டாராம்: "அந்தத் தீர்மானத்த எப்புடிச் சொல்லோணும், பஞ்சவர்ணம்?"

அடுத்த கூட்டத்தில் லிங்கம்மாவே எழுந்து தீர்மானத்தைச் சொன்னார்: பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. சொந்த அத்தையை உட்காரச் சொல்ல முனிராஜால் முடியவில்லை.

இந்த முறை பாக்கு மட்டும், ஆளுக்கு ஒன்று. குடம் இரண்டு. பித்தளைக் குடத்தில் போட்டால் சம்மதம், எவர்சில்வர் குடத்தில் போட்டால் இல்லை.

"வெத்தலை எங்கீங்க?" என்றார் இராமச்சந்திரன்.

"போட்டுட்டு வாங்கய்யா, வெளிய தட்டுல இருக்குது. ஆற அமர மெல்லுங்க" என்றார் அக்கா.

பித்தளைக் குடத்தில் பாக்கு கொஞ்சம்தான் கூடுதலாக இருந்தது. ஆனால் கூடுதல். முனிராஜ் இரண்டாம் முறை எண்ணச் சொன்னார், பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "சரி, ஆயித்து, முடிஞ்சுது" என்றார். வாசலில் சென்னிமலை அக்காவிடம் வந்து, "அண்ணி, நான் எதுல போட்டேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

"கேக்க மாட்டேன் தம்பி. கேட்டா அப்புறம் மறைச்சுப் போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா அன்று சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. லிங்கம்மா மனம் மாறாமல் இருந்திருந்தால், மண்டபத்துக்குள் நாலைந்து நாற்காலிகளோடு அது நின்றிருக்கும். அப்படி நின்ற இடங்கள் நிறைய இருக்கும். அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். "இருக்கலாம். நின்னிருந்தா வேற வழி பாத்திருப்பேன்" என்றார். தோற்றுப்போகும் என்ற பயம் அவருக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும் போலிருக்கிறது.

முனிராஜ் கடைசியாக ஒரு விதி போட்டார். சேர விரும்பும் பெண், ஓட்டுள்ள பெண்கள் இரண்டு பேர் முன்னால் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். கணவனோ மாமனாரோ சொல்லக் கூடாது. மிரட்டிச் சேர்த்தார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதாம். தீபாவளிக்குள் சொன்னவர்களுக்குத்தான் அடுத்த சங்கத் தேர்தலில் ஓட்டு. அந்தத் தேர்தலுக்குப் பிறகுதான் குளியலறை பற்றிய முடிவு.

அக்கா டூட்டி இல்லாத நாட்களில் லிங்கம்மாவோடு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போவேன், வாசலில் நிற்பேன். வருடக்கணக்காக டிரைவர் ஊட்டம்மா, மேஸ்திரி சம்சாரம், கிரணோட அம்மா என்றே கூப்பிட்டுப் பழகிய பெண்களின் பெயர்களை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஒருத்தி பெயரைச் சொல்லிவிட்டு வெட்கத்தில் உள்ளே ஓடிப்போனாள். ஒரு வீட்டில் மாமனார் முறைத்துக்கொண்டே இருக்க, மருமகள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

"என்னையும் சேத்துக்குங்கக்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ எங்க ஓடிப் போயிரப் போற? சந்தேகமா இருக்கறவங்கள மொதல்ல முடிச்சுக்கறேன். உன்றதக் கடைசியா, ஒரு காபி குடிச்சுட்டு வாங்கிக்கறேன்."

பால் பூத் வரை எல்லா வீடுகளும் முடிந்திருக்கின்றன. பால் பூத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தெருக்களும் என் வீடும் பாக்கி.